பீரோவுக்கு எது பூர்வீகம்?

ஆசிரியருக்கு,

அலமாரிக்குப் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர்தான் ‘பீரோ’, அது புதுச்சேரி வழியாகத் தமிழுக்கு வந்தது என்று இங்கே பலர் அடித்துச் சொல்வார்கள். சொல் பிரெஞ்சுதான், அதில் தகராறு இல்லை. பொருள்தான் உதைக்கிறது.

பிரெஞ்சில் ‘ப்யூரோ’ என்றால் எழுதுமேசை. பிறகு அந்த மேசை கிடக்கும் அறை, அப்புறம் அலுவலகம். இதற்கெல்லாம் முன்னால் அது துணி! ‘ப்யூர்’ என்ற முரட்டுக் கம்பளியைக் கணக்கெழுதும் மேசைமேல் விரிப்பார்கள். விரிப்பின் பெயர் மேசைக்கு ஒட்டிக்கொண்டது. ஜெர்மானியர் ‘ப்யூரோ’ என்றால் அலுவலகத்தைத்தான் சொல்வார்கள். நம் செய்தித்தாள்களில் வரும் ‘பொலிட்பீரோ’ ருஷ்யாவுக்குப் போய்த் திரும்பிய அதே சொல்.

துணிமணி அடுக்கும் சாமானுக்குப் பிரெஞ்சில் ‘அர்முவார்’ என்று பெயர். அதன் மூலமான லத்தீன் சொல்தான் போர்த்துகீசியம் வழியாக நமக்கு ‘அலமாரி’ ஆனது.

ஆங்கிலேயரின் ‘பியூரோ’ சற்று வேறு. சாய்வான மூடி கொண்ட மேசை. மூடிப் பூட்டினால் உள்ளே காகிதம் இருப்பதே தெரியாது, அடியில் மூன்று நான்கு இழுப்பறை. அமெரிக்காவில் எழுதும் பலகை கழன்று, துணி வைக்கும் இழுப்பறைச் சாமானுக்கே அந்தப் பெயர். பூட்டிவைக்கும் சாமான் என்ற நம் பொருள் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. லாக்கரும் கண்ணாடியும் வைத்த இரும்பு பீரோவுக்கு இங்கிருந்து ஓர் எட்டுதான்.

ஒலியோ எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்கிறது. பிரெஞ்சு உச்சரிப்பில் நாக்கு ‘ஈ’ சொல்லும் இடத்தில் இருக்க, உதடு மட்டும் குவியும். குவிப்பை விட்டால் அப்படியே ‘பீரோ’. ஆனால் ஆங்கிலப் ‘பியூரோ’ நம் வாயில் தேய்ந்தும் இப்படி ஆகலாம். எனவே ஒலியை மட்டும் வைத்துப் புதுச்சேரிக்குப் பட்டா எழுதித் தர முடியாது.

இது வெறும் பண்டிதச் சண்டையல்ல. 1954க்கு முந்தைய பிரெஞ்சுப் பத்திரங்களைத் தமிழாக்குவோர் சொத்துப் பட்டியலில் ‘ப்யூரோ’ வந்தால் எழுதுமேசை என்றும், ‘அர்முவார்’ வந்தால் பீரோ என்றும் எழுத வேண்டும். மாற்றி எழுதினால் பாகப்பிரிவினையில் ஒருவருக்கு மேசை போய்ப் பீரோ வரும். ‘கொமோது’ என்று கண்டால் கழிப்பறைப் பக்கம் போகவே வேண்டாம். இழுப்பறைகள் அடுக்கிய குட்டை மரச்சாமான் அது.

இப்படிக்கு,
வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி