எங்கள் வீட்டுப் பார்ட்டி பற்றி அம்மாவுக்கு

மெல்போர்ன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். உன் மூட்டு வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை நடுவில் நிறுத்திவிடாதே.

குடும்ப குரூப்பில் உன் மாப்பிள்ளை போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "உன் வீட்டு மேஜையில் பாட்டிலா?" என்று போனில் கேட்டாய். பக்கத்தில் அப்பா இருந்தார், இந்தப் பக்கம் குழந்தை அழுதாள், ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நான் குடிக்க ஆரம்பிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி நிம்மதியாகப் படி.

அவருடைய ஆபீசில் ஒரு பெரிய வேலை முடிந்தது. கூட வேலை செய்பவர்களைக் குடும்பத்தோடு சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டிருந்தார். டிசம்பர் இங்கே கோடை. தோட்டத்தில் அடுப்பை வைத்துச் சுட்டுச் சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள். அதில் பியரும் வைனும் இல்லாமல் இருப்பது அபூர்வம். வருகிறவர்கள் குடிப்பதை அவர்களே கொண்டுவருவதும் இங்கே சகஜம். அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. யார் பையில் என்ன இருக்கிறது, எத்தனையாவது ஓடுகிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? கொடுப்பதானால் நாமே கொடுப்போம், அப்போதுதான் நிறுத்தவும் நம்மால் முடியும் என்றேன். அவர் கொஞ்சம் முணுமுணுத்தார். அப்புறம் சரி என்றார்.

இந்த நாட்டில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம், பாட்டிலில் இருக்கும் எண். அதில் எத்தனை 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்' இருக்கிறது என்று லேபிளில் அச்சடித்தே ஆக வேண்டும், சட்டம். ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க் என்றால் 10 கிராம் ஆல்கஹால். விஸ்கியில் அது 30 மில்லி, வைனில் 100 மில்லி. 375 மில்லி பியர் கேன் வழக்கமான வகையாக இருந்தால் 1.4, கொஞ்சம் லேசான வகையாக இருந்தால் 1. 700 மில்லி விஸ்கி பாட்டில் ஒன்றில் மட்டும் 22! ஒரு நாளில் 4-க்கு மேல் போகாதே, வாரத்தில் 10-க்கு மேல் போகாதே என்பது 2020-இல் இங்கே வெளியிட்ட மருத்துவ வழிகாட்டுதல். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கணக்குதான்.

எண் தெரிந்தால் மட்டும் போதாது, ஊற்றுகிற கை அதற்குக் கட்டுப்பட வேண்டுமே. முதல் நாள் ராத்திரி சமையலறையில் ஒரு சோதனை செய்தேன். எங்களிடம் இருக்கும் வைன் கிளாஸ் பெரிசு, வயிறு அகலம். அளக்கும் கப்பில் 100 மில்லி தண்ணீர் எடுத்து அதில் ஊற்றினேன். அடியில் ஒரு விரல் உயரம்கூட நிறையவில்லை. "யாரோ குடித்து மிச்சம் வைத்த மாதிரி இருக்கிறதே" என்றார் இவர். இப்போது நீங்கள் ஊற்றுங்கள் என்றேன். பாதி கிளாஸ் வரை தாராளமாக ஊற்றினார். அதைத் திருப்பி கப்பில் அளந்து பார்த்தால் 200 மில்லியைத் தாண்டிவிட்டது! "ஒரு கிளாஸ்தான் குடித்தேன்" என்று சொல்கிறவர் பொய் சொல்வதில்லை, கிளாஸ்தான் பொய் சொல்கிறது. மறுநாளே சின்ன கிளாஸ்களும், விஸ்கிக்கு ஒரு அளவுக் கோப்பையும் வாங்கிவிட்டேன்.

இன்னொன்று, காலியாகாத கிளாஸில் மேலும் ஊற்றக் கூடாது. சாப்பாட்டில் "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்துவது அன்பு. இதில் அப்படிச் செய்தால், குடிப்பவருக்கு எத்தனை ஆயிற்று என்ற கணக்கே போய்விடும். வேண்டாம் என்றவரை ஏன் என்று கேட்கவும் கூடாது. மாத்திரை சாப்பிடுகிறாரோ, மாசமாக இருக்கிறாளோ, மனசு இல்லையோ, நமக்கு எதற்கு? அதனால் குடிக்காதவர்களுக்கும் அதே மாதிரி கிளாஸில் எலுமிச்சை சோடா வைத்தேன். நானும் அதைத்தான் கையில் வைத்திருந்தேன். படத்தில் பார்த்தது அதுதான்.

சாப்பாட்டைத் தாமதிக்காமல் முதலிலேயே வைத்துவிட்டேன். வெறும் வயிற்றில் சீக்கிரம் ஏறும். சாப்பிட்டால் மெதுவாக ஏறும், அவ்வளவுதான், ஏறாமல் இருக்காது. உப்பு மிகுந்த நொறுக்குத் தீனியைக் குறைத்தேன். தாகம் எடுத்தால் கை எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு மேஜையிலும் தண்ணீர் ஜாடி இருந்தது.

பிள்ளைகள் விஷயம் உனக்குக் கவலையாக இருக்கும். வந்தவர்களில் ஒருவருக்குப் பதினாறு வயதுப் பையன். இங்கே 18-க்குக் கீழே இருப்பவருக்கு, தனியார் வீடாகவே இருந்தாலும், பெற்றோரோ பாதுகாவலரோ அனுமதிக்காமல் மது கொடுத்தால் கொடுத்தவருக்கு ஆயிரக்கணக்கான டாலர் அபராதம். எங்கள் விக்டோரியா மாநிலத்தில் 2011 முதல் இந்தச் சட்டம் இருக்கிறது. பாட்டில்களை ஒரே மேஜையில் வைத்து, அந்த மேஜையைப் பெரியவர் ஒருவர் பொறுப்பில் விட்டோம். அந்தப் பையன் அந்தப் பக்கமே வரவில்லை, பாவம், போனைப் பார்த்துக்கொண்டு மூலையில் இருந்தான்.

இனி முக்கியமானதைச் சொல்கிறேன். வந்தவர்களிடம் வாசலிலேயே சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டேன், "எப்படித் திரும்பிப் போகிறீர்கள்?" குடிப்பதற்கு முன்னால் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சிலர் ரயிலில் வந்திருந்தார்கள். சிலர் மனைவியோ கணவனோ ஓட்டுவார் என்றார்கள். புதிதாக லைசென்ஸ் வாங்கிய பெண் ஒருத்தி, காரில் 'பி' என்று பலகை மாட்டியவள், "எனக்கு சோடா மட்டும்" என்று தானாகவே சொன்னாள். அவர்களுக்கு ரத்தத்தில் ஆல்கஹால் பூஜ்யமாக இருக்க வேண்டும். முழு லைசென்ஸ் உள்ளவர்களுக்குப் பொதுவாக 0.05 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். போலீஸ் பெரிய பஸ் ஒன்றை ரோட்டோரம் நிறுத்திக்கொண்டு, வருகிற காரையெல்லாம் மறித்து ஊதச் சொல்வார்கள். இந்த ஊர்க்காரர்கள் அதற்கு 'பூஸ் பஸ்' என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள், பூஸ் என்றால் மது.

ஒருவர் மட்டும் நேராகப் பதில் சொல்லாமல் "பார்த்துக்கொள்ளலாம்" என்றார். அவரை நான் அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன். ஒன்பது மணிக்கு எழுந்து சட்டைப் பையில் சாவியைத் தேடினார். பேச்சு தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் மூன்று தடவை ஒரே கதையைச் சொல்லியிருந்தார். எல்லோர் முன்னாலும் "நீங்கள் ஓட்டக் கூடாது" என்றால் வீம்புக்காகவே ஓட்டுவார். இவர் அவரைப் பாத்திரம் கழுவும் இடத்துக்குக் கூட்டிப்போய், "டாக்சிக்குச் சொல்லிவிட்டேன், கார் எங்கள் வாசலிலேயே இருக்கட்டும்" என்றார். போகலாமா வேண்டாமா என்று கேட்கவே இல்லை. மனிதர் கொஞ்சம் சிணுங்கினார். "ஒரு காபி குடித்தால் சரியாகிவிடும்" என்றார். காபி குடித்தால் தூக்கம்தான் போகும், போதை போகாது. ஈரல் தன் வேகத்தில், ஏறக்குறைய மணிக்கு ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க் கணக்கில்தான் வெளியேற்றும். குளித்தாலும் வாந்தி எடுத்தாலும் அந்த வேகம் கூடாது. அதனால்தான் காரை எடுக்க மறுநாள் காலையில் வராதீர்கள், மதியத்துக்கு மேல் வாருங்கள் என்றார் இவர். மூன்று மணிக்கு வந்தார். தேநீர் குடித்தார், ராத்திரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

யாராவது மயங்கிப் படுத்தால் என்ன செய்வது என்றும் இவரிடம் முன்னாலேயே பேசிவைத்திருந்தேன். தூங்கட்டும் என்று அறையில் தனியாக விட்டுவிடக் கூடாது. குடித்து முடித்த பிறகும் ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டே இருக்கும். மல்லாக்கப் படுத்து வாந்தி வந்தால் மூச்சடைக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்திலேயே ஒருவர் உட்கார வேண்டும். எழுப்பியும் எழவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது என்றால் யோசிக்காமல் இங்கத்திய அவசர எண்ணான 000-வுக்குப் போன். நல்ல வேளை, அந்த நிலைமை வரவில்லை.

பக்கத்து வீடுகளுக்கு இரண்டு நாள் முன்னால் சொல்லிவைத்தோம். சனிக்கிழமை ராத்திரி பதினொன்றுக்கு மேல் பாட்டுச் சத்தம் அடுத்த வீட்டு அறைக்குள் கேட்கக் கூடாது. நாங்கள் பத்து மணிக்கே பாட்டில்களை உள்ளே எடுத்துவைத்துவிட்டு, இனிப்பும் தேநீரும் கொடுத்தோம். அதைப் பார்த்ததுமே ஒவ்வொருவராக எழுந்துவிட்டார்கள்.

காலி கேன்களைப் போட்டால் ஒன்றுக்கு 10 சென்ட் தரும் எந்திரம் கடைவீதியில் இருக்கிறது. உன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். வைன் பாட்டிலை அது ஏற்றுக்கொள்ளவில்லை, அவளுக்கு மகா கோபம்.

தம்பி புது வேலைக்காக நண்பர்களைக் கூப்பிடப் போவதாகச் சொன்னான். அவனைத் திட்டாதே, திட்டினால் உன் கண்ணுக்குப் படாத இடத்தில் நடத்துவான். யார் யார் எப்படித் திரும்பிப் போவார்கள் என்று முன்கூட்டியே கேட்டுவைக்கச் சொல். மீதியை நான் அவனுக்கு போனில் சொல்கிறேன்.

அப்பாவுக்கு என் நமஸ்காரம்.

உன் அன்பு மகள்