ராயபுரம் ரயில் நிலையப் பயணிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வேலைநாள் என்றும் பாராமல் வந்திருக்கும் பயணிகளே, அனைவருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு துக்கச் செய்தி. சங்கத்தின் முதல் மனுவைத் தன் கைப்பட எழுதிய நம் மூத்த உறுப்பினர் இந்த ஆண்டு காலமானார். வேலைக்குப் போன காலம் முழுக்க ராயபுரத்துக்கும் ஆவடிக்கும் சீசன் டிக்கெட்டிலேயே போய்வந்த மனிதர். அவர் சேர்த்துவைத்திருந்த பழைய சீசன் டிக்கெட்டுகளைக் குடும்பத்தார் நம்மிடம் கொடுத்திருக்கிறார்கள். ரப்பர் பேண்டு போட்ட சிறு கட்டு. மேலே இருக்கும் டிக்கெட்டில் சட்டைப்பையின் வியர்வை இறங்கி, மற்ற எழுத்தெல்லாம் கரைந்து, ‘ஆவடி’ மட்டும் தெரிகிறது. அவருக்காக எழுந்து நின்று ஒரு நிமிடம் அஞ்சலி செலுத்துவோம்.

இந்த ஆண்டின் பெரிய ஆறுதல், வேளச்சேரி வண்டி. கடற்கரை நிலையத்துக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது பாதை போடுவதற்காக, 2023 ஆகஸ்ட் கடைசியில் கடற்கரை–வேளச்சேரி பறக்கும் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். ஆவடி, கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து நம் ஊர் வழியாக நேரே வேளச்சேரிக்குப் போன வண்டிகளும் அதோடு போயின. திருவல்லிக்கேணிக்கும் மயிலாப்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள் கடற்கரையில் இறங்கி, பஸ் பிடித்து, காசும் நேரமும் இரட்டிப்பாகக் கொடுத்தார்கள். ஏழு மாதம் என்று சொன்ன வேலை 14 மாதம் இழுத்தது. 2024 அக்டோபர் 29 அன்று கடற்கரையிலிருந்து மறுபடியும் பறக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. அன்று காலை நம் உறுப்பினர்கள் சிலர் சும்மா மயிலாப்பூர்வரை போய்விட்டு வந்தார்கள்.

புது உறுப்பினர்கள் சேர்ந்திருப்பதால் நிலையத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும். தென்னிந்தியாவில் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட இடம் இது. மும்பை–தானே 1853, ஹவுரா–ஹூக்ளி 1854, அடுத்தது நாம். வில்லியம் அடெல்பி ட்ரேசி என்பவர் வடிவமைத்த இந்தக் கட்டடத்தை 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் பொதுமக்களுக்கு வண்டி ஓடியது. பெட்டிகளைக் கட்டித் தந்தது நம் சென்னையின் சிம்சன் கம்பெனி. திறப்பு நாளில் இரண்டு வண்டிகள் கிளம்பின. ஆளுநரும் ஐரோப்பியர்களும் ஏறிய வண்டி வாலாஜா ரோடுவரை, சுமார் 100 கிலோமீட்டர் போனது. நம்மவர்களை ஏற்றிய வண்டி திருவள்ளூரோடு நின்றது. இந்த விஷயத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நான் தவறாமல் சொல்வேன். அதையும் சேர்த்துத்தான் வரலாறு.

மும்பையிலும் ஹவுராவிலும் அந்த முதல் கட்டடங்கள் இப்போது இல்லை. அதனால் இந்தியாவில் இன்றும் நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் மூத்தது நம்முடையதுதான். சென்னைத் துறைமுகம் கட்டும் வேலை தொடங்கியதே 1876-இல். அதற்கு 20 ஆண்டுகள் முன்பு, மசூலா படகில் சரக்கு கரைசேர்ந்த நாட்களிலேயே, இங்கே பயணிகள் பெட்டியோடு காத்து நின்றார்கள். சென்ட்ரல் வந்தது 1873-இல். நீண்ட தூர வண்டிகள் மெல்ல அங்கே போய்விட்டன. 2005-இல் பழைய கட்டடத்தைப் புதுப்பித்தார்கள். சிவப்புச் சுவரும் உயரமான தூண்களுமாக அது தலைநிமிர்ந்தது. அதற்காக உழைத்தவர்களுக்கு நன்றி சொல்லாத ஆண்டறிக்கையை நான் வாசிக்கமாட்டேன்.

ஆனால் வண்டி நிற்காத நிலையம் வெறும் கட்டடம். ஊருக்குள் எல்லோரும் கேட்பது, “நம்ம ஸ்டேஷனுக்கு ஏன் வண்டி கம்மி?” என்பதுதான். காரணம் தண்டவாளத்தில் இருக்கிறது. அரக்கோணம், கும்மிடிப்பூண்டி வண்டிகளில் பெரும்பாலானவை பேசின் பிரிட்ஜ் வழியாக, சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாக நிலையத்துக்குத் திரும்பிவிடுகின்றன. வண்ணாரப்பேட்டை வழியாகக் கடற்கரைக்குப் போகிற வண்டி மட்டுமே நம்மைத் தொடும். ஆக, நம் கோரிக்கை எளிது: காலையிலும் மாலையிலும் கூட்ட நேரத்தில் கடற்கரைக்குத் திருப்பும் வண்டிகளைக் கூட்டுங்கள். இதை இந்த ஆண்டும் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். கடற்கரை–அரக்கோணம் வண்டியில் போகிறவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்கலாம்: பெரம்பூர், ஆவடி, திருவள்ளூர் என்று அது போகும் வழி 1856-இல் போட்ட வழியேதான்.

இந்த வண்டி யாருக்கு வேண்டும் என்று கேட்கிறவர்கள் விடியற்காலையில் வந்து பார்க்க வேண்டும். காசிமேட்டில் ஏலம் எடுத்த மீனோடு அம்மாக்கள் வருவார்கள். தலையில் சும்மாடு, அதன்மேல் அன்னக்கூடை, ஐஸ் உருகிய தண்ணீர் தோளில் சொட்டும். வெண்டர் கோச் (சரக்குக் கூடையோடு ஏறும் வியாபாரிகளுக்கான பெட்டி) எங்கே நிற்கும் என்று பிளாட்பாரத்தில் கோடு போட்டதுபோல அவர்களுக்குத் தெரியும்; சரியாக அங்கே போய் நிற்பார்கள். வண்டி நிற்கும் சில நொடிக்குள் கூடை ஏற வேண்டும். “அண்ணே, ஒரு கை குடு” என்று குரல் வரும்; பக்கத்தில் யார் இருந்தாலும் குனிந்து தூக்கிவிடுவார்கள். வில்லிவாக்கத்திலும் அம்பத்தூரிலும் பத்து மணிக்கு வாசலில் மீன் வருகிறதென்றால் அந்த ஒரு கைதான் காரணம். இந்த வண்டி தவறினால் அவர்களுக்கு ஆட்டோ வாடகை அன்றைய லாபத்தை விழுங்கிவிடும். குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயில் ஊரைக் கடக்க வேறு வழி ஏது?

செல்போனில் டிக்கெட் எடுக்கும் முறையைச் சொல்லித்தர நம் இளைஞர்கள் இந்த ஆண்டு கல்மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்தார்கள். நன்றாகப் போனது. பெரியவர்கள் தடுமாறும் இடம் ஒன்றே ஒன்று: நிலையத்துக்குள் வந்த பிறகு போனில் தட்டினால் செயலி டிக்கெட் தராது. அங்கே ஒட்டியிருக்கும் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்ய வேண்டும். எனவே வீட்டில் செருப்பு போடும்போதே எடுத்துவிடுங்கள். வண்டியில் தொந்தரவு, திருட்டு, அவசரம் எதுவானாலும் 139. இந்த எண்ணைப் பிள்ளைகளின் புத்தகப்பையில் எழுதி வையுங்கள்.

ஒன்றைக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பது இன்னும் நிற்கவில்லை. ரயில்வே சட்டம் 147-ஆவது பிரிவில் 6 மாதம்வரை சிறையோ 1,000 ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ உண்டு என்று துண்டறிக்கையில் போட்டோம். சட்டத்தைவிட முக்கியம் வேறு. மின்சார ரயில் பக்கத்தில் வரும்வரை சத்தம் கேட்காது. நான் ராயபுரம் எலெக்ட்ரிக் லோகோ ஷெட்டில், அதாவது மின்சார இன்ஜின்களைப் பராமரிக்கும் பணிமனையில், ஃபிட்டராக இருந்தவன். அந்தச் சக்கரத்துக்கு எதிரே ஒரு மனித உடம்பு எவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியும். மேம்பாலம் ஏற முழங்கால் வலிக்கிறது என்கிறீர்கள். வலிக்கட்டும், ஏறுங்கள்.

ஷெட்டைச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் டெல்லிக்குப் போனபோது பிளாட்பாரத்தில் எங்கள் ஷெட் இன்ஜின் ஒன்று நின்றது. மேலே ஆர்.பி.எம். என்ற மூன்று எழுத்து. ராயபுரம்! 2,000 கிலோமீட்டருக்கு மேல் வண்டியை இழுத்துக்கொண்டு போன இன்ஜின், உடம்பெல்லாம் புழுதி. பக்கவாட்டைத் தொட்டுப் பார்த்தேன், இன்னும் சூடு இருந்தது. நம் ஊர்ப் பெயரை நாடு முழுக்கச் சுமக்கும் இன்ஜின் பிறந்த வீட்டிலிருந்து நாம் டெல்லிக்குப் போக சென்ட்ரலுக்கு ஓட வேண்டியிருக்கிறது. ராயபுரத்தை நீண்ட தூர வண்டிகளின் முனையமாக்க வேண்டும் என்ற கோரிக்கை உயர்நீதிமன்றம்வரை போனது. சென்ட்ரல், எழும்பூருக்கு அடுத்து தாம்பரத்துக்கு முனையம் கிடைத்தது. அவர்களுக்குக் கிடைத்ததில் நமக்கு வருத்தமில்லை. வடசென்னைக்கும் ஒன்று வேண்டும். நாம் கேட்பதை நிறுத்தப்போவதில்லை.

வரவு–செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றே கட்டிவிட்டால் துண்டறிக்கை அச்சுக்கூலியை முடித்துவிடலாம்.

வரும் ஜூன் 28 சனிக்கிழமை. நிலையத்துக்கு 169 வயது நிறைகிறது. காலை 6 மணிக்குத் தூண்களுக்குக் கீழே படிக்கட்டில் கூடுவோம். பூ வாங்கும் பொறுப்பை மகளிர் அணி ஏற்றிருக்கிறது. காசிமேட்டு அம்மாக்கள் வண்டி ஏறும் முன்பே அவர்களுக்கும் காப்பி கொடுத்துவிட வேண்டும் என்பதால் ஃபிளாஸ்க் வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்