செவிலியராக இருந்த பாட்டிகளின் கைப்பழக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நினைவஞ்சலிப் பக்கத்தில் ஓய்வுபெற்ற செவிலியர்களின் படங்களை அடிக்கடி பார்க்கிறோம். பெயருக்குக் கீழே ‘ஸ்டாஃப் நர்ஸ் (ஓய்வு)’ என்று ஒரு வரி; அதன் பிறகு மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள். 30, 35 ஆண்டு உழைப்பு அந்த ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. பாட்டி வார்டில் என்ன செய்தார் என்பதை அவர்கள் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் வீட்டில் அவரிடம் பார்த்த பல பழக்கங்கள் வார்டிலிருந்து வந்தவைதான்.

ஆவி சீறிக்கொண்டு வந்த பிறகுதான் குக்கருக்கு வெயிட் போட வேண்டும் என்று பாட்டி கண்டிப்பாகச் சொல்லியிருப்பார். வார்டில் துணி, கருவிகளை ஆவி அழுத்தத்தால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கும் அதே விதிதான். உள்ளே காற்று தங்கிவிட்டால், முள் 15 பவுண்டு அழுத்தம் காட்டினாலும் வெப்பம் 121 டிகிரியை எட்டாது, கிருமி சாகாது. துணியும் பஞ்சும் வைக்கும் டிரம்மின் பக்கத் துளைகளை உள்ளே வைக்கும்போது திறந்துவிட வேண்டும், வெளியே எடுத்ததும் மூட வேண்டும். திறக்க மறந்தால் ஆவி உள்ளே போகாது. மூட மறந்தால் அத்தனை வேலையும் வீண். திணித்து அடைத்த டிரம்மின் நடுப்பகுதிக்கும் ஆவி எட்டாது.

ரத்தக்கறையைப் பச்சைத் தண்ணீரில் அலசு, வெந்நீரில் போடாதே என்பது இன்னொன்று. சூடு பட்டால் ரத்தத்திலுள்ள புரதம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி சிரிஞ்சு புழங்கிய காலத்தில் இதை மறந்தால், அடுத்த முறை குழலுக்குள் தண்டு நகராது. ஊசி போட்ட உடனே குளிர்ந்த நீரை இழுத்துத் தள்ளி, குழலையும் தண்டையும் தனித்தனியாகக் கழற்றி, மெல்லிய துணியில் சுற்றி, ஆறிய தண்ணீரில் இட்டுத்தான் அடுப்பை மூட்டுவார்கள். கொதிக்கிற நீரில் நேராகப் போட்டால் கண்ணாடி விரிசல் விடும். சேர்த்தே கொதிக்க வைத்தாலும் இறுகிக்கொள்ளும், இல்லையேல் உடையும். தண்ணீர் தளபுளவென்று கொதிக்கத் தொடங்கிய பிறகுதான் 20 நிமிடக் கணக்கு. நடுவில் இன்னொரு ஊசியை உள்ளே போட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. உப்புத் தண்ணீர் ஊர்களில் சுண்ணாம்பு படிந்து ஊசித் துளை அடைத்துக்கொள்ளும். அதற்காகத் துளைக்குள் மெல்லிய கம்பி செருகி வைப்பார்கள். மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டி, முனையைப் பஞ்சில் இழுத்துப் பார்ப்பார்கள். நூல் சிக்கினால் முனை வளைந்திருக்கிறது என்று பொருள். நைட் டூட்டியில் ஒருவரே பார்த்த வேலை இவ்வளவும். எந்தச் சான்றிதழிலும் இது எழுதியிருக்காது.

படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் கூட விடமாட்டார் என்று பேத்திகள் சொல்வதுண்டு. அசைய முடியாத நோயாளிக்கு அந்தச் சுருக்கம் போதும், முதுகில் புண் தொடங்கிவிடும். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்து, வால் எலும்பு, குதிகால், இடுப்பு ஆகிய இடங்களில் சிவப்பு தெரிகிறதா என்று பார்ப்பது அவர்களின் அன்றாடம். (சிவந்த இடத்தைத் தேய்த்துவிடும் அக்காலப் பழக்கம் இன்று கூடாது. அடியில் நைந்திருக்கும் தசை மேலும் கெடும்.)

பாட்டி கிராம சுகாதார செவிலியராக இருந்தவர் என்றால், கேட்க வேண்டியவை வேறு. தடுப்பூசிப் பெட்டியில் ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனேயே வைத்தாரா என்று கேளுங்கள், சிரிப்பார். உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்கும் வரை வெளியே வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் முத்தடுப்பு ஊசி மருந்து உறைந்து கெட்டுவிடும். 1970களின் தொடக்கத்தில் பணியில் இருந்தவரானால், இருமுனை ஊசியால் ஒரே இடத்தில் 15 குத்துக் குத்திப் பெரியம்மைத் தடுப்பு போட்டதையும் கேளுங்கள். இந்தியாவில் பெரியம்மை 1975-இல் ஓய்ந்ததில் அவர் கையும் உண்டு.

பழைய டிரங்குப் பெட்டியில் தேட வேண்டியவை: 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த செவிலியர் கவுன்சிலின் பதிவுச் சான்றிதழ், பிரசவப் பயிற்சியில் பார்த்த பிரசவங்களை எழுதிய கேஸ் புக், பணிப்பதிவேட்டின் நகல். எந்த ஆண்டு எந்த ஊருக்கு மாற்றல் என்பது பணிப்பதிவேட்டில் வரிசையாகக் கிடைக்கும். பாட்டி இருக்கும்போதே அதைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கேட்டால், மறந்தவையும் திரும்பி வரும். பாதரச தெர்மாமீட்டர் கிடைத்தால் உறையோடு வையுங்கள். உடைந்திருந்தால் துடைப்பத்தால் பெருக்காமல், ஜன்னலைத் திறந்துவிட்டு, கெட்டி அட்டையால் உருண்டைகளைச் சேர்த்து, மூடியுள்ள புட்டியில் அடைத்துவிடுங்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். செவிலியர்களின் நினைவஞ்சலியில் எந்த வார்டு, எந்த ஊர், எத்தனை ஆண்டு, என்ன வேலையில் கைதேர்ந்தவர் என்பதற்கு நான்கு வரி கூடுதலாகக் கட்டணமின்றித் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்கள் சிலர்,
மதுரை.