மாதத் தவணையைப் பேசாதே, காரின் விலையைப் பேசு

அன்புள்ள கண்ணு,

புதுக் காரை மூன்று வருடம் லீஸுக்கு, அதாவது மாத வாடகைக்கு, எடுக்க ஷோரூமில் போட்டுக் கொடுத்தார்கள் என்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய தாளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். "மாசம் 555 டாலர்தாம்மா, முன்பணம் 3,000, நல்ல டீல்னு சொல்றாங்க" என்று கீழே எழுதியிருந்தாய். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். மறுபடி அந்த ஷோரூமுக்குப் போவதற்கு முன் ஒரு தடவை முழுசாகப் படித்துவிடு.

அந்தத் தாளில் மாதத் தொகை இருக்கிறது, முன்பணம் இருக்கிறது, 36 மாதம் என்று இருக்கிறது. ஆனால் காருக்கு என்ன விலை போட்டார்கள், வட்டி எவ்வளவு, மூன்று வருடம் கழித்துக் கார் என்ன பெறும் என்று வைத்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் எங்கேயும் இல்லை. பொள்ளாச்சி சந்தையில் மாட்டுத் தரகர்கள் கையைத் துண்டால் மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சின்ன வயதில் உன் அப்பிச்சியோடு போய்ப் பார்த்திருக்கிறேன். துண்டுக்குள் இருக்கும் இரண்டு கைகளுக்கும் விலை தெரியும், வேடிக்கை பார்ப்பவனுக்குத்தான் தெரியாது. லீஸ் பேச்சில் பணம் கட்டப் போகிறவனையே வேடிக்கை பார்ப்பவன் இடத்தில் உட்காரவைத்துவிடுகிறார்கள்.

நல்லவேளையாக, நீ வாயால் கேட்டு வந்த இரண்டு விஷயம் கைகொடுத்தது. ரெசிடுவல், அதாவது லீஸ் முடியும்போது காருக்கு மிஞ்சும் மதிப்பு, ஜன்னல் ஸ்டிக்கர் விலையில் 58 சதவீதம் என்றார்களாம், வட்டி "இரண்டரைதான்" என்றார்களாம். அந்த இரண்டரையில்தான் விஷயமே இருக்கிறது. லீஸில் வட்டியைச் சதவீதமாகச் சொல்லும் வழக்கம் இல்லை, மணி ஃபேக்டர் என்று ஒரு குட்டி எண்ணாகச் சொல்வார்கள். 0.0025 என்று எழுதியிருப்பதை வாயால் சொல்லும்போது "டூ பாயிண்ட் ஃபைவ்" ஆகிவிடுகிறது. கேட்கிறவன் இரண்டரை சதவீதம் என்று நினைத்துக்கொண்டு தலையை ஆட்டிவிடுவான். அதை 2,400-ஆல் பெருக்கினால்தான் நமக்குத் தெரிந்த வருட வட்டி கிட்டத்தட்ட வரும். 0.0025-ஐப் பெருக்கிப் பார். 6 சதவீதம்!

இப்போது கணக்கைப் போடுவோம். காரின் ஜன்னலில் ஒட்டியிருந்த விலை 40,000 டாலர் என்றாய். (அந்த ஸ்டிக்கருக்கும் ஒரு கதை உண்டு. டெக்சாஸில் இருக்கும் உனக்குப் பக்கத்து மாநிலமான ஓக்லஹோமாவின் செனட்டர் மன்ரோனி கொண்டுவந்த 1958-ஆம் வருடச் சட்டத்தால்தான் ஒவ்வொரு புதுக் காரிலும் அது ஒட்டப்படுகிறது. அதற்கு முன்னால் டீலர் சொன்னதுதான் விலை.) அதன் மேல் லீஸ் கம்பெனி தன் கட்டணமாக 700 சேர்க்கிறது. மொத்தம் 40,700. உன் முன்பணம் 3,000 போக 37,700. மூன்று வருடம் கழித்துக் காரின் மதிப்பு, அதாவது ரெசிடுவல், 40,000-இல் 58 சதவீதம், 23,200. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 14,500. அதுதான் நீ ஓட்டித் தேய்க்கப்போகும் மதிப்பு. 36-ஆல் வகுத்தால் மாதம் 403 டாலர். வட்டிக்கு 37,700-ஐயும் 23,200-ஐயும் கூட்டி 0.0025-ஆல் பெருக்க வேண்டும், 152 வருகிறது. இரண்டும் சேர்ந்து 555. உன் தாளில் உள்ள அதே எண்.

ஆக, ஜன்னல் விலையில் ஒரு டாலர்கூடக் குறைக்கவில்லை. வட்டி 6 சதவீதம். மேற்கொண்டு 3,000 வாங்கிக்கொள்கிறார்கள். இதற்குப் பெயர் நல்ல டீல்!

லீஸ் எடுத்தாலும் காரின் விலையைப் பேரம் பேசலாம் என்பதே நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. சொந்தமாக வாங்கும்போது எப்படி அடித்துப் பேசுவாயோ அப்படியே பேச வேண்டும். விலையில் குறைகிற ஒவ்வொரு டாலரும் நேராக உன் தேய்மானத்தில் குறையும், ஏனென்றால் ரெசிடுவல் ஜன்னல் விலையின் மேல் கணக்கிடப்படுவது, நீ என்ன விலைக்குப் பேசினாலும் அது நகராது. ரெசிடுவலைப் பேசிப் பயனில்லை, அது டீலர் கையில் இல்லை, லீஸ் கம்பெனி வைப்பது. மணி ஃபேக்டர் அப்படியல்ல. லீஸ் கம்பெனி ஓர் அடிப்படை எண்ணைக் கொடுக்கும், பெரும்பாலும் டீலர் அதன்மேல் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றியதை இறக்கச் சொல்லலாம்.

நான் போட்ட கணக்கைக் கேள். விலை 7 சதவீதம் இறங்கி 37,200 ஆகிறது, மணி ஃபேக்டர் 0.0018 ஆகிறது, முன்பணம் ஒரு பைசா கிடையாது. 700 கட்டணத்தையும் சேர்த்து 37,900. தேய்மானம் மாதம் 408, வட்டி 110. மொத்தம் 518. முன்பணமே இல்லாமல் அவர்கள் சொன்ன 555-ஐவிடக் குறைவு. உன் 3,000-ஐயும் 36 மாதத்துக்குப் பிரித்துப் பார்த்தால் அவர்களுடைய தொகை உண்மையில் 638. மூன்று வருடத்தில் வித்தியாசம் 4,300 டாலருக்கு மேல். 7 சதவீதம் கிடைக்குமா என்பது மாடலைப் பொறுத்தது. விற்காமல் வரிசையாக நிற்கிற காரில் இன்னும் இறங்குவார்கள், ஆள் வரிசையில் நிற்கிற காரில் 500 டாலர்கூட இறங்க மாட்டார்கள். இரண்டாவது வகைக் காரை லீஸில் எடுக்காதே என்றுதான் நான் சொல்வேன்.

முன்பணத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லீஸில் பெரிய முன்பணம் கட்டாதே. கடையை விட்டு வெளியே வந்த மறுவாரம் யாராவது இடித்துக் கார் மொத்தமாகப் போய்விட்டால், இன்சூரன்ஸ் பணம் காரின் சொந்தக்காரருக்குத்தான் போகும், அதாவது லீஸ் கம்பெனிக்கு. நீ கட்டிய 3,000 திரும்பி வரும் என்று நம்பாதே. முதல் மாதத் தவணை, பதிவுக் கட்டணம் இவற்றோடு நிறுத்திக்கொள். மாதத் தொகை கொஞ்சம் கூடினால் கூடட்டும்.

அப்புறம் மைல். அந்தத் தாள் வருடத்துக்கு 12,000 மைலுக்குப் போட்டது. ஃபிரிஸ்கோவிலிருந்து உன் ஆபீசுக்குப் போய் வர 50 மைல் என்றாய். வருடத்தில் 230 நாள் போனாலே 11,500 ஆகிவிட்டது. ஹூஸ்டன் பக்கத்துப் பேர்லண்டு மீனாட்சி கோவிலுக்கு ஒரு தடவை போய் வந்தால் 500-க்கு மேல். மளிகைக்கும் நண்பர்கள் வீட்டுக்கும் நடந்தா போவாய்? மிஞ்சுகிற மைலுக்கு 25 சென்ட் என்று வைத்துக்கொண்டால், வருடம் 3,000 மிஞ்சினாலே கடைசியில் 2,250 டாலர் பில் வரும். 15,000 மைலுக்கு முதலிலேயே எழுதச் சொன்னால் ரெசிடுவல் ஒன்றிரண்டு சதவீதம் இறங்கும், அதாவது 400 முதல் 800 டாலர் வரை. எது மலிவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தாளின் அடியில் பொடி எழுத்தில் "வரி தனி" என்று இருக்கிறது, கவனித்தாயா? இங்கே கலிஃபோர்னியாவில் லீஸ் என்றால் மாதத் தவணைக்குத்தான் வரி. டெக்சாஸில் காரின் முழு விலைக்கும் 6.25 சதவீதம். வரியை முதலில் லீஸ் கம்பெனி கட்டும், பிறகு உன் தலையில் ஏற்றும். 37,200-க்கு 2,325 டாலர், மாதம் ஏறக்குறைய 65. மூன்று வருடம் மட்டும் ஓட்டப்போகிற காருக்கு முழுக் காரின் வரி. பிறகு அதே காரைப் பிடித்துப்போய் வாங்கினால் அந்த விலைக்கு மறுபடியும் வரி. உன் ஊரில் லீஸ் கலிஃபோர்னியா அளவுக்கு லாபமில்லை என்று நான் சொல்வது இதனால்தான். இரண்டு மூன்று வருடத்தில் வேறு ஊருக்கு மாறுவேன் என்கிறாய், அதனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் 36 மாதத்துக்குள் மாறினால் காரை நடுவில் திருப்பிக் கொடுப்பது பெரிய செலவு, அதையும் யோசித்துக்கொள்.

உன் நண்பன் எலக்ட்ரிக் கார் லீஸ் தண்ணீர் மாதிரி மலிவு என்றானாமே, அது பழைய கதை. லீஸ் கம்பெனிகளுக்குக் கிடைத்துவந்த 7,500 டாலர் அரசு வரிச்சலுகை 2025 செப்டம்பர் 30-ஓடு முடிந்துவிட்டது.

எப்படிப் பேசுவது என்று கேட்பாய். ஷோரூமில் உட்கார்ந்து பேசாதே. உங்கள் ஊரில் சனி, ஞாயிறு இரண்டில் ஒரு நாள்தான் கார் விற்கச் சட்டம் விடும், பெரும்பாலான டீலர்கள் ஞாயிறு மூடிவிடுவார்கள். அன்றைக்குப் போனால் விற்பனையாள் தொல்லை இல்லாமல் வெளியே நிற்கும் கார்களின் ஸ்டிக்கரைப் பார்த்துக்கொள்ளலாம். எந்தக் கார் வேண்டும் என்று முடிவு செய்த பிறகு நாலைந்து டீலருக்கு ஈமெயில் போடு. ஆஸ்டின், ஹூஸ்டன் டீலரையும் சேர்த்துக்கொள். கேட்க வேண்டியது இவ்வளவுதான்: சலுகைகளுக்கு முந்தைய விற்பனை விலை, மணி ஃபேக்டர், ரெசிடுவல், எல்லாக் கட்டணமும் தனித்தனியாக, கையெழுத்து நாளில் கட்ட வேண்டிய தொகை. "மாசம் எவ்வளவு கட்ட முடியும் சார்?" என்று பதில் கேள்வி வரும். அதற்கு மட்டும் பதில் சொல்லாதே. நீ 550 என்றால் 549-க்கு எப்படியாவது ஒரு கணக்கைக் கட்டிவிடுவார்கள், மாதங்களை நீட்டியோ மைலைக் குறைத்தோ. ஒரே பிராண்டு டீலர்கள் பெரும்பாலும் ஒரே லீஸ் கம்பெனியிடம் போகிறவர்கள், எனவே நாலு பேர் சொல்லும் மணி ஃபேக்டரில் மிகக் குறைவானது அடிப்படை எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும். அதைக் காட்டி மற்றவரிடம் பேசு. மாதக் கடைசியில் அவர்களுக்கு டார்கெட் இருக்கும், அப்போது பேச்சு கொஞ்சம் இளகும்.

விலை முடிந்ததும் ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போவார்கள். களைத்துப்போய் உட்கார்ந்திருக்கும்போது அங்கே இன்னொரு வியாபாரம் நடக்கும். பெயிண்ட் பாதுகாப்பு, டயரில் நைட்ரஜன், கூடுதல் வாரண்டி. எல்லாம் "மாசம் 12 டாலர்தான், மாசம் 18 டாலர்தான்" என்ற கணக்கில் வரும். நிறையக் கார்களுக்குக் கம்பெனி வாரண்டியே 3 வருடம் அல்லது 36,000 மைல். லீஸும் 3 வருடம். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இரு, முகத்தைச் சுளிக்காமல் சொல்லு, அவ்வளவுதான்.

கையெழுத்துக்கு முன் ஒரு படிவம் தருவார்கள். 1976-ஆம் வருட நுகர்வோர் லீஸ் சட்டப்படி அதைக் கொடுத்தே ஆக வேண்டும். மணி ஃபேக்டரைச் சொல்ல வேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை, அது எனக்குக் கோபம்தான். ஆனால் ரென்ட் சார்ஜ் என்று வட்டியின் மொத்தத் தொகை அதில் இருக்கும். அதை 36-ஆல் வகு. வந்ததை, முன்பணம் கழித்த கேப் காஸ்ட்டையும் (கட்டணமும் சேர்த்த காரின் விலை) ரெசிடுவலையும் கூட்டிய தொகையால் வகு. மணி ஃபேக்டர் வெளியே வந்துவிடும். அவர்கள் தந்த தாளின்படி ரென்ட் சார்ஜ் 5,481 என்று இருக்கும், வகுத்துப் பார், 0.0025 வரும். ஈமெயிலில் சொன்னதும் படிவத்தில் இருப்பதும் ஒத்துவரவில்லை என்றால் எழுந்து வந்துவிடு. கையெழுத்துப் போட்டு ஓட்டிவந்த பிறகு மூன்று நாளில் திருப்பித் தரலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே, ஷோரூமில் எடுத்த புதுக் காருக்கு அந்தக் கூட்டாட்சி விதி பொருந்தாது.

இன்சூரன்ஸை முன்கூட்டியே விசாரித்துவிடு. டெக்சாஸ் கேட்கும் குறைந்தபட்சம் 30/60/25 (நீ இடித்தால் ஒருவர் காயத்துக்கு, ஒரு விபத்தின் மொத்தக் காயத்துக்கு, பொருள் சேதத்துக்கு, எல்லாம் ஆயிரம் டாலர் கணக்கில்), லீஸ் கம்பெனிகள் பொதுவாக 100/300/50 கேட்கும், மாதப் பிரீமியம் கூடும். ஆலங்கட்டி மழைக்கான காம்ப்ரிஹென்ஸிவும் வேண்டும். உங்கள் ஊர் வசந்த காலத்தைப் பற்றி நீயே எவ்வளவு புலம்பியிருக்கிறாய்.

படிவத்தைப் படம் எடுத்து அனுப்பு, எந்த நேரமானாலும் பரவாயில்லை, பார்த்துச் சொல்கிறேன். இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, கராஜில் நிற்கிற பழைய கேம்ரியை லாரியில் ஏற்றி அனுப்பட்டுமா என்று கேட்கச் சொன்னார். நன்றாகத்தான் ஓடுகிறதாம், நீ எதற்குப் புதுக் காரைத் தேடுகிறாய் என்று அவருக்குப் புரியவில்லையாம். அந்தப் பதிலை அவருக்கே போன் செய்து சொல்லிவிடு, என்னை நடுவில் இழுக்காதே.

அன்புடன்,
அம்மா