அந்தக் கேள்விக்கு ஆம் என்று எழுது

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதை நான் முழுசாகக் கேட்கவில்லை. வேப், அதாவது எலக்ட்ரானிக் சிகரெட் பிடிக்கிறேன் என்றதும் எனக்கு வாய் அடைத்துப்போனது. அதற்கடுத்து நீ சொன்னதுதான் பெரிய விஷயம் என்று போனை வைத்த பிறகே உறைத்தது. கிளினிக் படிவத்தில் புகையிலை, நிகோட்டின் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருக்கிறாய்.

கெட்டமின் என்ற மயக்க மருந்து எனக்குப் புதிதில்லை. ஆபரேஷன் தியேட்டரில் 26 வருஷம் நர்ஸாக நின்றவள் நான். விபத்தில் ரத்தம் போய் பிரஷர் இறங்கி வருகிற கேஸ் என்றால் எங்கள் மயக்க டாக்டர் அதைத்தான் கேட்பார். மற்ற மயக்க மருந்துகள் பெரும்பாலும் பிரஷரை இறக்கும், இது ஏற்றும். தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போதும் இதுதான். ஒரு பாட்டி கண் திறந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்மாய்க்கு மேல பறந்துட்டு வந்தேன் தாயி" என்றார். அதே மருந்தின் ஒரு கூறைத்தான் உனக்கு மூக்கில் ஸ்ப்ரேயாக அடிக்கிறார்கள். மாத்திரைக்குக் கேட்காத மனச்சோர்வுக்கென்று 2019-ல் அங்கே அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். மூன்று மாத்திரை மாற்றியும் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்த நீ, இரண்டாவது வாரம் ரசம் வைத்துச் சாப்பிட்டேன் என்றாய். அன்று நான் அழுதேன். இந்த மருந்து உனக்குத் தொடர்ந்து கேட்க வேண்டும் பாப்பா.

ஸ்ப்ரே அடித்து 40 நிமிஷம் வாக்கில் பிரஷர் உச்சத்துக்குப் போகும். 2 மணி நேரம் உட்கார வைத்துப் பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நிகோட்டினும் அதே வேலையைத்தான் செய்கிறது: நாடித்துடிப்பைக் கூட்டும், ரத்தக் குழாயைச் சுருக்கும். நீயோ பயம் தணியட்டும் என்று வாசலிலேயே நாலு இழுப்பு இழுத்துவிட்டு உள்ளே போகிறாய். உன் வேப் டப்பாவில் நிகோட்டின் 5 சதவீதம் என்று போட்டிருக்கிறதே, அது மில்லிக்கு ஏறக்குறைய 50 மில்லிகிராம். ஐரோப்பாவில் மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் விற்கவே விடுவதில்லை. உள்ளே போன நிகோட்டினில் பாதி கழியவே 2 மணி நேரம் ஆகும். போன தடவை 150/96 காட்டியதும் பதற்றம் என்று எழுதிக்கொண்டு உன்னைக் காக்க வைத்தார்கள். பாவம், அவர்களுக்கு வேறென்ன தெரியும்?

உடனே விட்டுவிடு என்று சொல்லவில்லை. யாரிடமும் சொல்லாமல் ஒரேயடியாக நிறுத்தினாலும் தொந்தரவுதான். 2, 3 நாளில் எரிச்சல், தூக்கமின்மை, மனம் தொய்வது எல்லாம் கூடும், சில வாரம் இழுக்கும். பார்க்க உன் பழைய சோர்வு திரும்பி வந்தது மாதிரியே இருக்கும். விஷயம் தெரியாத டாக்டர், மருந்து கேட்கவில்லை என்று நினைத்துவிடுவார். அதனால் அவரிடமே கேள்: எத்தனை மணி நேரம் முன்னால் நிறுத்த வேண்டும், தோலில் ஒட்டும் நிகோட்டின் பேட்ச் போடலாமா, எப்போது விட ஆரம்பிக்கலாம் என்று. நிகோட்டின் கம் மென்றால், ஸ்ப்ரேக்கு முன்னால் துப்பிவிடு. தியேட்டருக்கு வெற்றிலையோடு வந்தவர்களின் வாயை விரல் விட்டு வழித்தவள் சொல்கிறேன், அரை மயக்கத்தில் வாயில் எதுவும் இருக்கக் கூடாது.

அப்புறம் ஒன்று. அப்பாவிடம் டாக்டர் சிகரெட் உண்டா என்று கேட்டபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். இல்லை என்றார். என் ஏச்சுக்குப் பயந்து சொன்ன பொய். சட்டையில் வாடை பிடித்துத் தெரிந்திருந்தும், அந்த இடத்தில் நானும் பேசாமல் இருந்துவிட்டேன். நெஞ்சை எக்ஸ்ரே எடுக்க அப்புறம் 8 மாதம் ஆனது. அந்த 8 மாதத்தை நான் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். உன்னை ஏச மாட்டேன். இது சத்தியம்.

வியாழக்கிழமை போனதும் முதலில் அந்தப் படிவத்தைத் திரும்ப வாங்கித் திருத்து. எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாக எத்தனை மணிக்கு என்பதையும் சொல். திரும்பும்போது வண்டியை நீ எடுக்காதே, மறுநாள் தூங்கி எழுகிறவரை கூடாது. தோழி வர முடியாவிட்டால் டாக்ஸி பிடித்துக்கொள், பணம் நான் போட்டுவிடுகிறேன்.

அம்மா