யெஸ்டிக்கு இப்போது வண்ணம் பூச வேண்டாம்

கோயம்புத்தூர்

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதத்தைப் பட்டறைக்கே எடுத்துச் சென்று, பழைய வண்டிகளைச் சரிசெய்யும் எங்கள் குழுவில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். உன் தந்தையாரின் யெஸ்டி 250 மோட்டார் சைக்கிள் இத்தனை ஆண்டுகளாக விற்கப்படாமலும் உடைக்கப்படாமலும் வைக்கோல் கொட்டகையிலேயே இருந்திருக்கிறது என்பதில் உன்னைவிட அவர்களுக்குத்தான் மகிழ்ச்சி அதிகம். ஆனால் வண்டியை முழுவதும் பிரித்து, மணல் வீசித் துருவகற்றி, பவுடர் கோட்டிங்கும் குரோமும் போட்டுத் தருவதாகச் சொன்ன கடைக்கு முன்பணம் கொடுக்கப்போவதாக எழுதியிருக்கிறாயே, அதைச் சற்று நிறுத்தி வை. எஞ்சின் மலையேறி இறங்கும் அளவுக்கு நம்பிக்கை தரும்வரை வண்ணத்துக்கு ஒரு ரூபாயும் செலவிடக் கூடாது என்பதுதான் என் கருத்து. இங்குள்ள மற்றவர்களும் அதையே சொல்கிறார்கள்.

காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீ நான்கு ஸ்ட்ரோக் புல்லட்டில் பழகியவன்; இதுவோ இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். இதில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் கேஸே ஒரு பம்பு போல வேலை செய்து, பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உறிஞ்சி மேலே தள்ளுகிறது. அந்த அறையின் இரு பக்கமும் கிராங்க் தண்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ரப்பர் வளையங்களான ஆயில் சீல்கள் காற்றுப் புகாமல் காத்தால்தான் எஞ்சின் ஒழுங்காக ஓடும். ஓடாமல் நிற்கும் வண்டியில் அந்த ரப்பர் இறுகி, தண்டைத் தொடும் உதடு விறைத்து, பார்வைக்குப் புதிதுபோல் இருந்தாலும் தண்டைக் கவ்வாமல் போய்விடும். இடப்பக்கச் சீல் போனால், கிளட்சுக்கும் பிரைமரி செயினுக்கும் கியருக்கும் பொதுவாக இருக்கும் எண்ணெயை எஞ்சின் உறிஞ்சி எரிக்கும். தெருவே மறையும் அளவுக்குப் புகை வரும், கியர் எண்ணெய் அளவு குறைந்துகொண்டே போகும். புகையைப் பார்த்து எவனாவது பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்ய வேண்டும் என்று சொன்னால் உடனே நம்பிவிடாதே. வலப்பக்கம், அதாவது டைனமோ பக்கத்துச் சீல் போனால் புகையே வராது என்பதால் அதுதான் ஆபத்து அதிகமானது: அந்த வழியாக வெளிக்காற்று புகுந்து கலவை மெலிந்துவிடும், எஞ்சின் காரணமின்றி வேகமெடுக்கும், சூடேறும், ஏற்றத்தில் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். எங்கள் குழுவில் ஒருவருக்குச் சென்ற ஆண்டு திம்பம் மலைப்பாதையில் நேர்ந்தது இதுவே. பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டவர், இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக்கூடத் தாண்டவில்லை. வண்டி என்னவோ அப்போதுதான் வண்ணம் பூசி வந்திருந்தது. வழியில் நின்றவர்கள் அதனுடன் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரு வழக்கத்தை வகுத்துக்கொண்டோம். எந்த எஞ்சின் வந்தாலும் முதலில் காற்றழுத்தச் சோதனை. யெஸ்டிக்கு ஒரே சிலிண்டர்தான் என்றாலும் புகைபோக்கி இரண்டு என்பதால், அந்த இரு வாய்களையும் கார்புரேட்டர் வாயையும் அடைக்க லேத் கடைக்காரர் அலுமினியத்தில் மூடிகள் கடைந்து, ரப்பர் வளையம் பொருத்திக் கொடுத்திருக்கிறார். அழுத்தம் கொடுக்க நாங்கள் பயன்படுத்துவது பழைய இரத்த அழுத்தக் கருவி! அதன் முள் 300 மில்லிமீட்டர் பாதரசம் வரை காட்டும்; இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினைச் சோதிக்க வேண்டிய ஆறு பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஆறு பவுண்டு) அழுத்தத்துக்கு அது ஏறத்தாழச் சமம். ரப்பர் பந்தை அழுத்தி முள்ளை மேலே ஏற்றிவிட்டு, அது சில நிமிடங்கள் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்கிறோம். இறங்கினால், சோப்பு நுரையைத் தடவி எந்த இடத்தில் குமிழி வருகிறது என்று தேடுகிறோம். குழுவில் இருக்கும் மருத்துவர் இந்தக் கருவியை நன்கொடையாகக் கொடுத்தபோது, இனி தம் நோயாளிகளைவிட இதற்குத்தான் அழுத்தம் அதிகமாக இருக்கும் என்றார்.

இந்தக் கூட்டத்தைப் பற்றி நீ கேட்டிருந்தாய். ஞாயிறு காலைகளில் கணபதிப் பகுதியில் உள்ள லேத் பட்டறையில் கூடுகிறோம். எங்களில் எவருக்கும் ஒரு வண்டியை முழுவதுமாகத் தனியாகச் சரிசெய்யத் தெரியாது என்பதை வெட்கமின்றி எழுதலாம். கிராங்கைப் பிரஸ்ஸில் பிரித்து, புது கனெக்டிங் ராட் ஏற்றி, மீண்டும் மையத்தில் சுழலவிட்டு டயல் கேஜின் முள் ஆடாதபடி தட்டித் தட்டி நேராக்குவது லேத் கடைக்காரருக்கு மட்டுமே கைவந்த கலை. டைனமோ சுருள் எரிந்துபோனால் பம்ப்செட் மோட்டார்களுக்கு வைண்டிங் செய்து வாழ்நாளைக் கழித்த ஒரு பெரியவரிடம் போகிறோம். இந்த ஊரில் அத்தகைய கைகளுக்குப் பஞ்சமில்லை என்பது எங்களுக்குக் கிடைத்த பெரிய வசதி. எனக்குத் தெரிந்ததெல்லாம் தீப்பொறி அமைப்பில் இருக்கும் காண்டாக்ட் பாயிண்டின் இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு வைப்பதும், குளிரில் நன்றாக ஓடிச் சூடானதும் நின்றுவிடும் வண்டியில் அதே அமைப்பிலுள்ள கண்டென்சரைச் சந்தேகிப்பதும்தான். வயதில் இளையவன் ஒருவன் முதல் நாள் வந்தபோது கிக்கர் எங்கே என்று வண்டியைச் சுற்றிச் சுற்றித் தேடினான். கியர் லீவரையே உள்ளே தள்ளி மேலே திருப்பினால் அதுவே கிக்கராகிவிடும் என்று காட்டியதும் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இப்போது கியரை மிதித்தாலே கிளட்ச் விடும் அந்த அமைப்பைச் சரிப்படுத்துவதில் எங்களைவிட அவன்தான் கெட்டிக்காரன்.

உதிரிபாகம்தான் தலைவலி. யெஸ்டியைத் தயாரித்த, மைசூரு யாதவகிரியில் இருந்த ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டுவிட்டதால், அசல் என்று சொல்லி விற்கப்படுவதில் பெரும்பகுதி அதற்குப் பிறகு வேறெங்கோ செய்யப்பட்டது. 2018-இல் ஜாவா என்ற பெயரில் மீண்டும் வந்த வண்டியில் இருப்பது நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். அதன் பாகம் எதுவும் நமக்கு உதவாது. ஆகவே சீல்களைப் பெயர் பார்த்து வாங்காமல், தண்டின் விட்டம், குழியின் விட்டம், தடிப்பு ஆகிய மூன்றையும் வெர்னியரில் அளந்து, பேரிங் கடையில் நல்ல தரத்தில் வாங்குகிறோம். பிஸ்டன் ரிங்கைச் சிலிண்டருக்குள் வெறுமனே இறக்கி, மெல்லிய அளவுத் தகடுகளான ஃபீலர் கேஜால் இடைவெளி பார்க்காமல் எதையும் பொருத்துவதில்லை. ஜூலை மாதத்து இரண்டாம் ஞாயிறு ஜாவா நாளாகக் கொண்டாடப்படுவது உனக்குத் தெரிந்திருக்கும். அன்று கர்நாடகத்து நண்பர்களைச் சந்திப்பதில் எனக்கு முக்கியமான பயன், யாரிடம் எந்தப் பாகம் மிச்சம் இருக்கிறது என்று அறிவதே. ஊர்வலமும் பனியனும் மற்றவர்களுக்கு.

பெட்ரோல் பற்றியும் ஒரு சொல். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், நிறுத்தி வைத்த வண்டியில் தொட்டியின் அடி துருப்பிடிப்பதும் பழைய ரப்பர் குழாய்கள் இளகுவதும் அதிகமாகியிருக்கிறது. நாங்கள் லிட்டருக்கு 40 மில்லி 2டி எண்ணெய் (இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான எண்ணெய்) கலந்து, அந்த வாரம் ஓட்டும் அளவுக்கு மட்டுமே நிரப்புகிறோம். நீண்ட நாள் ஓட்டப்போவதில்லை என்றால் தொட்டியையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுகிறோம்.

வண்ணத்தைத் தள்ளிப்போடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வண்டி இன்னும் அப்பாவின் பெயரில் இருக்கிறது. வாரிசுச் சான்றிதழுடன் படிவம் 31 கொடுத்துப் பெயரை மாற்ற வேண்டும். பதினைந்து ஆண்டுகள் எப்போதோ முடிந்துவிட்டதால் படிவம் 25 கொடுத்துப் பதிவையும் புதுப்பிக்க வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சேஸிஸ் எண்ணின்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார்கள். தடித்த பவுடர் கோட்டிங் அந்த எழுத்துகளை நிரப்பிவிட்டால் அச்சு விழாது. அதைச் சுரண்டினால், எண்ணைத் திருத்தினாயா என்ற கேள்வி எழும். ஆகவே எண் தெளிவாக இருக்கும்போதே அச்சு எடுத்து, படமும் எடுத்து வைத்துக்கொள்.

இப்போது நீ செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கிக்கரை மிதிக்காதே. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாகச் சிறிது எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிடு. பிறகு கடைசி கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுழற்று. பிஸ்டன் அசைந்தால் நல்லது, அசையாவிட்டால் வலிமையைக் காட்டாமல் எனக்கு எழுது. கியர் எண்ணெயை ஒரு பாட்டிலில் வடித்து, எவ்வளவு வந்தது, என்ன நிறத்தில் இருந்தது என்றும் எழுது. பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். அதைப் பார்த்தபின் எஞ்சினை மட்டும் இறக்கி லாரி பார்சலில் அனுப்பினால் போதும், மற்றதை இங்கே பார்த்துக்கொள்கிறோம். அனுப்புமுன் கார்புரேட்டரில் ஒரு சொட்டுப் பெட்ரோலும் இல்லாமல் வடித்துவிடு. வாடை வந்தால் பார்சல் அலுவலகத்தில் வாங்க மாட்டார்கள். போல்ட்டுகளைத் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, எங்கிருந்து கழற்றியது என்று எழுதி வை. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்