மூன்றாவது டப்பா கேட்டு வருபவர்: மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு மருந்துக்கடை அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

போகிக்கு வீட்டை ஒழித்தபோது மேஜை இழுப்பறையிலிருந்து, ஆஸ்துமா இழுப்புக்கு உறிஞ்சும் சால்பியூட்டமால் மருந்தின் ஏழு காலி டப்பாக்கள் உருண்டு வந்தன. எல்லாம் ஒரே வருஷத்தில் வாங்கியவை. டப்பாவுக்கு 200 பஃப் என்றால் 1,400. நாளைக்குக் கிட்டத்தட்ட நாலு. அந்த வருஷம் முழுக்க, யார் கேட்டாலும் "வீசிங் கன்ட்ரோல்ல இருக்கு" என்றுதான் சொல்லி வந்தேன். பொய்யில்லை, அப்படித்தான் நம்பினேன். ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து பஃப் அடித்துவிட்டுப் படுப்பது பழைய ஆஸ்துமாக்காரனுக்குத் தண்ணீர் குடிக்க எழுவது மாதிரி.

டாக்டரை வருஷத்துக்கு ஒரு முறை பார்த்தால் அதிகம். உங்களிடமோ ஏழு தடவை வந்தேன். என் மூச்சுக் கணக்கு என்னைவிட உங்கள் பில் புத்தகத்துக்குத்தான் நன்றாகத் தெரியும். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

சால்பியூட்டமால் மூச்சுக்குழாய்த் தசையை நாலு முதல் ஆறு மணி நேரம் தளர்த்திவிடும். உள்ளே இருக்கும் வீக்கம் அப்படியே இருக்கும். அதைத் தணிப்பது உறிஞ்சும் ஸ்டீராய்டு. பெரியவர்களின் ஆஸ்துமாவுக்குச் சால்பியூட்டமாலை மட்டும் கொடுத்து ஓட்டக்கூடாது என்று உலக வழிகாட்டிக் குழுவான 'ஜினா' 2019-லேயே சொல்லிவிட்டது. வருஷத்துக்கு மூன்று டப்பாவோ அதற்கு மேலோ தீர்ந்தால் கடும் இழுப்பு வரும் ஆபத்து கூடும், பன்னிரண்டைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து கூடும் என்பதும் அவர்கள் கணக்கு.

சீட்டில்லாமல் தரக்கூடாத மருந்துதான் அது. ஆனாலும் ராத்திரி பத்தரைக்கு மூச்சு வாங்க வாசலில் நிற்பவரைத் திருப்பி அனுப்பச் சொல்ல மாட்டேன். கொடுங்கள். கொடுக்கும்போது ஒரு வார்த்தை கேளுங்கள்: "இது இந்த வருஷம் எத்தனாவது? தினமும் எடுக்கிற ஸ்டீராய்டு பஃப் ஏன் வாங்கல?"

என்ன பதில் வரும் என்பது உங்களுக்கே தெரியும். "ஸ்டீராய்டுங்க, பழகிடும்." இதைச் சொல்பவர்தான் இழுப்பு முற்றினால் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை வாங்கி விழுங்குவார். ஒரு 5 மில்லிகிராம் மாத்திரை 5,000 மைக்ரோகிராம். உறிஞ்சும் மருந்து ஒரு பஃப்புக்குப் பெரும்பாலும் 200 மைக்ரோகிராம் அளவில்தான் இருக்கும், அதுவும் நேரே மூச்சுக்குழாய்க்குப் போவது. இதைக் கல்லாவில் நின்றபடியே சொல்லிவிடலாம். எடுத்தபின் வாய் கொப்பளிக்கவும் சொல்லுங்கள். முடிந்தால் ஸ்பேசரை (பஃப் டப்பாவின் வாயில் மாட்டி உறிஞ்சும் குழாய்) எப்படிப் பிடிப்பது என்று ஒரு தடவை காட்டுங்கள். (உறிஞ்ச வேண்டிய கேப்சூலைத் தண்ணீர் விட்டு விழுங்குகிறவர்களும் உண்டு. சிரிக்காதீர்கள், யாரும் காட்டித் தரவில்லை.)

இன்னும் ஒரு நிமிஷம் கிடைத்தால், கடந்த நாலு வாரத்தைப் பற்றிக் கேளுங்கள். வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் பகலில் இழுத்ததா, பஃப் தேவைப்பட்டதா? ராத்திரி தூக்கம் கலைந்ததா? மாடிப்படி ஏற யோசித்தாரா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் முழுசாகக் கன்ட்ரோலில் இல்லை என்று பொருள், டாக்டரிடம் அனுப்புங்கள். இதை யாராவது என்னைக் கேட்டிருந்தால் நாலுக்கும் ஆமாம் சொல்லியிருப்பேன்.

சிலர் முறைப்பார்கள். "உங்க வேலையைப் பாருங்க" என்பார்கள். நானே அப்படிச் சொல்லியிருக்கக்கூடிய ஆள்தான். சில்லறையைக் கொடுத்து அனுப்பிவிட்டு, அடுத்த தடவை வரும்போது மறுபடி கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளன்